பழவேற்காட்டிலிருந்து நன்னம்பிக்கை முனைக்கு

பழவேற்காட்டு ஏரியின் ஆழமில்லாத நீரில், பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நின்று பார்க்கிறவர்களில், சற்றுத் தொலைவில் முட்புதர் மூடிக் கிடக்கும் மேட்டைப் பொருட்படுத்துகிறவர்கள் மிகச் சிலரே. 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டை அது. 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரம் முழுவதற்கும் தலைமை ஸ்தானம்.

அங்கிருந்து கப்பலேறியவை துணி மூட்டைகள் மாத்திரமல்ல. பஞ்ச காலங்களில் கஞ்சிக்கு வழியின்றித் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றுவிட்ட ஏழை ஜனங்கள், ஆயிரக்கணக்கில் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அடிமைகளாகச் சென்றார்கள். பழவேற்காட்டில் பிறந்து பட்டேவியாவில் அடிமையாக இருந்த கத்ரைன் என்பவள், தன்னை அடித்த காதலனைத் திருப்பித் தாக்கியதில் அவன் உயிர் போகவே, 1656-இல் மரண தண்டனை விதிக்கப்பெற்று, பிறகு அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு அருகிலுள்ள நன்னம்பிக்கை முனையில் கொண்டு இறக்கப்பட்டாள். அங்கே டச்சுத் தளபதி ஃபான் ரீபெக்கின் வீட்டுத் துணிகளை வெளுப்பது அவள் ஊழியம். அதே ரீபெக்தான், 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி, அந்த மண்ணில் விளைந்த திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதற்காகத் தம் நாட்குறிப்பில் கடவுளை ஸ்தோத்திரித்தவர்.

கத்ரைனின் மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன், மத உபத்திரவத்துக்குத் தப்பி வந்த ஹ்யூகனாட்டுகள் என்னும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளில் ஒருவரான ஜாக் டி சவாயின் மகளை மணந்தான். பிற்காலத்துத் தென்னாப்பிரிக்க நிறவெறிச் சட்டம் வெள்ளையர் என்று பதிவு செய்த ஸ்னைமன் குடும்பங்கள் பலவற்றுக்கு மூதாட்டி இந்தப் பழவேற்காட்டுக்காரியே என்பதை அச்சட்டத்தை இயற்றியவர்கள் எப்படி ஜீரணித்தார்களோ! மாமனார் சவாய் 1688-இல் ஏற்படுத்திய ஃப்ரீடே என் லஸ்ட் பண்ணை இன்றும் ஒயின் தயாரிக்கிறது. வெப்பமான பாரல் பிரதேசத்து நிலத்தோடு திருப்தியடையாமல், அண்மைக் காலத்தில் எல்ஜின் என்னும் குளிர்ந்த மேட்டு நிலத்திலும் அது கொடி வளர்த்தது.

கேப் டவுனுக்குத் தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில், மலைகள் சூழ, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன இடம் எல்ஜின். கடற்காற்றும் பகலில் வந்து கவியும் மேகமும் அங்கே வெயிலின் உக்கிரத்தைத் தணித்துவிடுகின்றன. அங்கே பயிராவதும் பிரான்ஸின் பர்கண்டியைத் தாயகமாகக் கொண்டதுமான ஷார்டனே, தனக்கென்று தூக்கலான வாசனை இல்லாத வெள்ளைத் திராட்சையாதலால், விளையும் இடத்தின் சீதோஷ்ணம் அதன் ரசத்தில் அப்படியே தெரிந்துவிடும். உஷ்ணப் பிரதேசத்தில் பழத்தின் மாலிக் அமிலம் விரைவில் செலவாகி, சர்க்கரை ஏறி, ஒயின் அன்னாசி வாசனையும் கனமுமாக முடியும். குளிர்ந்த இரவுகளிலோ அமிலம் நின்று, பழம் நிதானமாகப் பக்குவப்பட்டு, எலுமிச்சையையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும் தெளிந்த ரசம் கிடைக்கும். குடிக்காதவர்களுக்கும் விளங்கச் சொன்னால், பல் கூசும்போதே நாவில் இனிப்பும் எட்டிப்பார்க்கும் செங்காய் மாங்காயின் பக்குவம் அது.

எல்ஜினுக்கு அப்பால் கடலோரத்து ஹெர்மானஸ் நகருக்கருகே, 1975-இல் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் நிலம் வாங்கித் திராட்சைத் தோட்டம் போட்ட பிறகுதான், குளிர்ந்த தென்கரையின் அருமை பலருக்குப் புலப்பட்டது. ஆனால் நல்ல ஷார்டனே நாற்றுக்கு எங்கே போவது? சர்க்கார் தாவரப் பரிசோதனை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகுமென்று பொறுமையிழந்த விவசாயிகள் சிலர், ஐரோப்பாவிலிருந்து குச்சிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து நட்டார்கள். விஷயம் வெளிப்பட்டு, 1986-இல் க்ளாப்பர் கமிஷன் விசாரித்தது. மனிதரின் வம்சத்தைச் சட்டம் போட்டுத் தரம் பிரித்துவந்த அந்த ராஜ்யத்தில், ஷார்டனே என்று நம்பிப் போற்றி வளர்த்த கொடிகளில் ஒரு பகுதி ஓசெர்வா என்னும் சாதாரண வேற்றினம் என்று தெரியவந்தது.