ஆறு வித்தியாசம்... ஏ.ஐ. எடிஷன்!

சின்ன வயசுல வாரப் பத்திரிகையைக் கையில எடுத்ததும், 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' பக்கத்துக்குத்தானே முதல்ல ஓடுவீங்க? அதே ஆட்டத்தை இப்போ ஏ.ஐ. மெஷினோட ஆடலாம், வாங்க!

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரே ப்ராம்ப்ட்டை ரெண்டு மெஷின்கிட்ட கொடுங்க. இல்லைன்னா, ஒரே மெஷின்கிட்ட ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாத்திக் கொடுங்க. வந்த படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவ்ளோதான்!

ரவுண்டு 1: மணி என்ன பாஸ்?

'4.35 காட்டும் கைக்கடிகாரம்'னு கேளுங்க. அடுத்து, '7.20'. பல மெஷின்கள் ரெண்டுக்குமே முள்ளை 10.10-ல நிறுத்திட்டு அப்பாவியா நிக்கும்! காரணம், கடிகார விளம்பரங்கள். கம்பெனி பேரை முள் மறைக்கக் கூடாது, பார்க்கவும் அழகா இருக்கணும்னு விளம்பரத்துல பெரும்பாலும் 10.10-தான் வைப்பாங்க. மெஷின் பார்த்து வளர்ந்தது அந்தப் படங்களைத்தான். அதுக்கு மணி பார்க்கத் தெரியாது. கடிகாரம்னா எப்படி இருக்கும்னு மட்டும்தான் தெரியும்!

ரவுண்டு 2: யானை வேணாம் சாமி!

'யானை இல்லாத காலி ரூம்' கேட்டுப் பாருங்க. 2022, 23-ல வந்த மெஷின்கள்ல பல, ரூம் நடுவுல கம்பீரமா ஒரு யானையை நிறுத்திடும். புதுசா வந்ததுங்க கொஞ்சம் தேறிடுச்சு. ஏன் இப்படி? படத்துக்குக் கீழே அதுல என்ன இருக்குன்னுதான் எல்லாரும் எழுதுவோம். 'இங்கே யானை இல்லை'ன்னு யாராவது எழுதுவாங்களா? அதனால 'இல்லை' மெஷின் காதுல சரியா விழாது. 'யானை' மட்டும் பளிச்னு விழும்!

ரவுண்டு 3: யார் இவர்?

இதுதான் ஃபைனல். 2023-ல புளூம்பெர்க் நிருபர்கள், ஸ்டேபிள் டிஃப்யூஷன்கிட்ட நீதிபதி படங்களா கேட்டுக் குவிச்சாங்க. பெண்கள் சுமார் 3 சதவிகிதம்தான் வந்தாங்க. அமெரிக்காவுல நிஜத்துல 34 சதவிகித நீதிபதிகள் பெண்கள்!

அதே வருஷம் 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு' செய்தித்தளம், மிட்ஜர்னிகிட்ட 'ஓர் இந்தியர்'னு 100 படம் கேட்டுச்சு. கிட்டத்தட்ட எல்லாமே தாடி வெச்ச தாத்தாக்கள். பெரும்பாலும் தலைப்பாகை வேற! ஜீன்ஸ் போட்ட பொண்ணு, பஸ்ல தொங்குற பையன், உங்க ஹெச்.ஓ.டி... யாருக்கும் இடமில்லை.

சிரிப்பு கொஞ்சம் நிக்குதில்ல?

விஷயம் இதுதான். 2022-ல வெளியான 'லயன்-5பி' தொகுப்புல மட்டும் 585 கோடி படங்களுக்கான லிங்க், அதுக்கான குறிப்போட இருந்துச்சு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் பாடம் படிச்சது இதோட பகுதிகளை வெச்சுத்தான். இணையத்துல எது அதிகமோ, மெஷினுக்கு அதுதான் உலகம். அது பொய் சொல்லலை. அதிகம் பார்த்ததைத் திருப்பிச் சொல்லுது. கடிகாரம் 10.10-ல நின்னா யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா, அதே மெஷின் போடுற படம் நாளைக்குப் பாடப் புத்தகத்துலயும் வேலைவாய்ப்பு விளம்பரத்துலயும் வந்தா? நீதிபதின்னா ஆண், இந்தியர்னா தாத்தான்னு பார்க்குற குழந்தை நம்பிடும் பாஸ்!

அதனால, ஆட்டத்தை விட்டுடாதீங்க. இன்னும் நல்லா ஆடுங்க. ஒரு படத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதாம, ஒரே ப்ராம்ப்ட்டை இருபது தடவை கொடுங்க. ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன வயசு, என்ன டிரெஸ்னு நோட்டுல கோடு போட்டு எண்ணுங்க. அப்போதான் அது தற்செயலா, பழக்கமான்னு தெரியும். ஒரே ஒரு கண்டிஷன்... ஃப்ரெண்டோட போட்டோவை அவங்களைக் கேட்காம மெஷினுக்குள்ள போடாதீங்க. அது கலாய் இல்லை, வம்பு!

இந்த வாரம் ஹோம்வொர்க்: 'தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவி'ன்னு இருபது படம் கேளுங்க. எடுத்துட்டு நேரா கேன்டீனுக்குப் போங்க. நிஜத்துல உட்கார்ந்திருக்கிறவங்களைச் சுத்தி ஒரு தடவை பாருங்க.

ஆறு வித்தியாசம்தானா... அறுபதா?