சிறு சுமையுந்துகளின் தொங்கல் அமைப்பை மேம்படுத்தல்

தொங்கல் அமைப்பு என்பது சுமையுந்தின் சக்கர அச்சுகளையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் விற்கள், அதிர்வேற்பிகள், இணைப்புகள் ஆகியவற்றின் தொகுதியாகும். பட்டறைகளில் இது சஸ்பென்ஷன் என்றே வழங்குகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும், சாலையின் மேடுபள்ளங்களால் எழும் அதிர்ச்சி பாரத்திற்கும் ஓட்டுநருக்கும் போய்ச் சேராமல் காப்பதும், சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதும் இதன் பணிகள் ஆகும்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் ஓடும் சிறு சுமையுந்துகளில் இவ்வமைப்பை மாற்றியமைப்பது பரவலாகக் காணப்படுகிறது. மேம்படுத்தல் என்ற ஒரே சொல் இங்கு இரு வேறு வேலைகளைக் குறிக்கிறது. தேய்ந்த உறுப்புகளை நீக்கித் தரமானவற்றைப் பொருத்துவது ஒன்று. குறித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் பொருட்டுக் கூடுதல் வில்பட்டைகளைச் சேர்ப்பது மற்றொன்று. முதலாவது வண்டியின் பாதுகாப்பைக் கூட்டுகிறது, இரண்டாவது குறைக்கிறது.

அமைப்பு

சிறு சுமையுந்துகளின் பின்னச்சு பெரும்பாலும் வில்பட்டைகளின் மீதே அமர்ந்துள்ளது. நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓர் ஆணியால் (சென்டர் போல்ட்) பிணைத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பர். மேற்பட்டையின் ஒரு முனையிலுள்ள கண் நேரடியாக அடிச்சட்டத்தோடு இணைகிறது. மறுமுனை ஷேக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. பட்டை வளைந்து நிமிரும்போது நீளம் மாறுவதால் இந்த ஊசலாட்டம் தேவைப்படுகிறது. கண்களுக்குள் ரப்பர் அல்லது உலோகப் புஷ்கள் உள்ளன.

இங்கிலாந்தின் ஒபதையா எலியட் 1804 இல் குதிரை வண்டிகளுக்கான வில்பட்டை அமைப்பிற்குக் காப்புரிமம் பெற்றார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அது சுமையுந்துகளில் நிலைத்திருப்பதற்கு எளிமையே காரணம் எனலாம். பாரம் தாங்குதல், அச்சை முன்பின் நகராமல் பிடித்துவைத்தல், பட்டைகளுக்கிடையே உள்ள உராய்வால் துள்ளலைத் தணித்தல் ஆகிய மூன்றையும் ஒரே உறுப்பு செய்துவிடுகிறது. தேய்ந்து கழித்த பட்டையும் வீணாவதில்லை. "லாரி பட்டை" என்ற பெயரில் கொல்லர்களிடம் சென்று அரிவாளாகவும் கத்தியாகவும் மாறுகிறது.

அதிர்வேற்பி (ஷாக் அப்சார்பர்) பாரத்தைத் தாங்குவதில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டுள்ளனர். வில் அமுங்கி மீளும்போது உண்டாகும் ஆட்டத்தை, உருளைக்குள் உள்ள எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை. ஆகவே "பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, ஷாக்கை மாற்றுங்கள்" என்பது பொருந்தாது. தாழ்ந்தது வில், துள்ளினால்தான் அதிர்வேற்பியில் குறை.

வட்டாரப் பின்னணி

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தன் தொழிற்சாலையை நடத்தி வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தும் ஸ்டாண்டர்டு 20 சிறு வணிக ஊர்தியும் அங்கு உருவானவை. ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஊசலச்சு அமைப்பு இருந்தது. இந்திய வாடிக்கையாளர்களும் பழுதுபார்ப்போரும் அதை விரும்பவில்லை. 1972 இல் வந்த கசெல் மகிழுந்தில் அது கைவிடப்பட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு பொருத்தப்பட்டது. தொங்கல் அமைப்பை நம் சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஏற்ப மாற்றியதற்கு இவ்வட்டாரத்திலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு இது. தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது.

2005 இல் டாட்டா ஏஸ் அறிமுகமான பின் தெருக்களின் தோற்றமே மாறியது. தமிழ்நாட்டில் "குட்டி யானை" என்று அழைக்கப்படும் இவ்வண்டியின் தொடக்க மாதிரி 750 கிலோகிராம் சுமைத்திறன் கொண்டது. முன்னும் பின்னும் வில்பட்டைகளே. 2011 இல் ஓசூரில் உருவான அசோக் லேலண்டு தோஸ்த் வந்தது. தனியார் பயன்பாட்டுக்கான இசுசு வி-கிராஸ் 2016 முதல் சென்னைக்கு வடக்கே ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாரிக்கப்படுகிறது. இதன் முன்சக்கரங்கள் தனித்தனியே சுருள்விற்களிலும், பின்னச்சு வில்பட்டையிலும் இயங்குகின்றன.

இப்பகுதிச் சாலைகள் தொங்கல் அமைப்புக்குக் கடுமையான சோதனை எனலாம். தாம்பரத்திலிருந்து சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி செல்லும் சாலை சதுப்பு நிலத்தின் ஓரமாகச் செல்கிறது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி மூடிய உட்தெருக்களில் மண் இறங்கி நீளவாட்டில் பள்ளம் விழுகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக அமைய வேண்டும். குடியிருப்புத் தெருக்களில் காணப்படுவனவோ பெரும்பாலும் ஓரடி அகலச் சுவர்களே! 2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளை அடையாறு மூழ்கடித்தது. இத்தகைய நீரில் நின்ற வண்டிகளில் பட்டைகளின் இடையே சேறு புகுந்து துருப்பிடித்தால், பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்காமல் இறுகிப்போகும். அவ்வாறு இறுகிய தொகுதி வில்லாக அன்றி எஃகுக் கட்டையாகவே நடந்துகொள்ளும்.

பட்டை சேர்த்தல்

மேல் நிரம்பத் தளும்பினாலும் பாரம் அதிகமில்லை என்று கண்ணுக்குத் தோன்றும் சரக்குகள் உண்டு. குட்டி யானையின் சரக்குத் தட்டு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கொள்ளும். எம்-சாண்டு மணலைத் தட்டின் விளிம்பு மட்டத்திற்கு நிரப்பினாலே ஒன்றரை டன்னுக்கு மேல் வந்துவிடும். அது சுமைத்திறனைப் போல் இரு மடங்கு. இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்று நீரோடு 20 கிலோவுக்குச் சற்று மேல் எடை கொண்டது. ஓட்டுநரையும் உதவியாளரையும் கணக்கில் கொள்ளாவிட்டாலும் 36 கேன்களோடு 750 கிலோ நிறைவுறும்.

இவ்வாறு ஏற்றும்போது பின்பக்கம் தாழ்ந்து, அச்சு ரப்பர்த் தடையில் மோதுகிறது. அதற்குத் தீர்வாகப் பட்டறையில் ஓரிரு பட்டைகளைக் கூட்டுவர். அல்லது தடிமனான பட்டைகளை மாற்றுவர். வில்பட்டையின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் உள்ளது. ஐந்து பட்டைகளோடு அதே அளவுள்ள ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் 8 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டால் அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணுவது பெரும் பிழை.

விறைப்பின் விளைவு வெறும் வண்டியில் தெரியும். பாரத்தால் வில் 10 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 1.6 முறை ஆடும். 5 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் 2.2 முறை. பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி கல்லின்மீது ஏறியதுபோல் குதிப்பது இதனாலேயே. குதிக்கும் சக்கரத்திற்குத் தரைப்பிடிப்பு இல்லை. மேலும், வில் வாங்காத அதிர்ச்சி எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது அடிச்சட்டத்திற்கும் அச்சுக்கும் சக்கரத் தாங்கிகளுக்கும் செல்கிறது. அடிச்சட்டத்தில், வில்லின் கொளுவிகள் அமைந்த இடங்களில் விரிசல் தோன்றக்கூடும்.

பிரேக்கின் மீதான விளைவு

பட்டை சேர்ப்பதால் வரும் பெரிய இடர் இதுவேயாயினும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. பல சிறு சுமையுந்துகளில் பின்சக்கரப் பிரேக்கிற்குச் செல்லும் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று உள்ளது. இது பாரத்தை நேரடியாக எடைபோடுவதில்லை. அடிச்சட்டத்திற்கும் அச்சிற்கும் உள்ள இடைவெளியை ஒரு நெம்புகோல் வழியாக உணர்கிறது. இடைவெளி மிகுந்தால் வண்டி வெறுமையாக உள்ளது என்று கொண்டு, பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். இடைவெளி குறைந்தால் முழு அழுத்தத்தையும் அனுப்பும்.

பட்டை சேர்த்து உயர்த்திய வண்டி, ஒன்றரை டன் ஏற்றிய பின்னும் தாழாமல் நிற்கிறது. உரிமையாளருக்கு அது மகிழ்ச்சி. வால்வோ வண்டி வெறுமையாக உள்ளதாகக் கொண்டு பின்பிரேக்கை அடக்கியே வைக்கிறது. இரு மடங்கு பாரத்தை முன்சக்கரப் பிரேக்குகளே பெரிதும் நிறுத்தவேண்டிய நிலை ஏற்படுகிறது. நிற்கும் தூரம் நீள்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர் போன்ற சந்திப்புகளில் ஜி.எஸ்.டி. சாலையின் போக்குவரத்து திடீரென்று நிற்கும்போது இதன் பொருள் விளங்கும். சிலர் நெம்புகோலைக் கம்பியால் கட்டி முழு அழுத்தம் செல்லும்படி செய்துவிடுவதுண்டு. அப்போது வெறும் வண்டியில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, மழை நாளில் வண்டி குறுக்கே சுழலும். பின்வில்லின் உயரத்தை மாற்றிய பின் இவ்வால்வைத் தயாரிப்பாளரின் அளவுப்படி மீண்டும் சரிசெய்தல் வேண்டும். அதைச் செய்யாத வேலை முடிந்த வேலையாகாது.

முறையான மேம்படுத்தல்

வேலையின் வரிசை முக்கியமானது. முதலில் புஷ்களையும் ஷேக்கிள்களையும் பார்க்க வேண்டும். கடகட ஒலிக்குப் பெரும்பாலும் இவையே காரணம். அடுத்து யூ போல்ட்டுகள். இவை தளர்ந்தால் பட்டைகள் அச்சின்மீது நகர்ந்து நடு ஆணியை அறுத்துவிடும். அறுந்தால் அச்சே ஒருபுறம் பின்வாங்கி, வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும். பட்டைத் தொகுதியைக் கழற்றிப் பூட்டியபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கவேண்டும். இந்த இரண்டாவது முறுக்குதலுக்குத் திரும்பி வருவோர் குறைவு.

படிந்துபோன பட்டைகளுக்கு அடித்து வளைவெடுத்துத் தருவது மலிவான வழி. ஆயினும் அது நெடுநாள் நிற்பதில்லை. வில் எஃகு குறிப்பிட்ட வெப்பநிலையில் பதப்படுத்தப்பட்டது. உலையில் காய்ச்சி வளைத்துவிட்டு மீண்டும் பதம் ஏற்றாவிட்டால் மென்மையாகிவிடும். முறிந்த பட்டையைப் பற்றவைப்பது அதைவிடத் தீது. பற்றின் ஓரம் நொறுங்கும் தன்மை அடைந்து மறுபடியும் அங்கேயே முறியும். அச்சின் இருபுறமும் ஒருசேர மாற்றுவதே முறை.

அதிர்வேற்பியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும், வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலும் மாற்றவேண்டும். மகிழுந்தில் செய்வதுபோல் மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனை விறைப்பான சுமையுந்தில் அவ்வளவாகப் பயன்படாது. நீண்டநேரம் கரடுமுரடான சாலையில் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குத் தடுப்பாற்றல் குறைவு. நைட்ரசன் வளிமம் அடைத்த அதிர்வேற்பிகளில் அழுத்தத்தினால் நுரைத்தல் குறைகிறது. குண்டும் குழியுமான தெருக்களில் நாள் முழுதும் ஓடும் வண்டிக்குச் செலவழிக்கத் தகுந்த மேம்பாடு இதுவே என்பது இக்கட்டுரையின் கணிப்பு. ஒருநாள் வெறுமையாகவும் மறுநாள் முழுப் பாரத்தோடும் ஓடும் வண்டிக்கு, குறித்த அளவு தாழ்ந்த பின்னரே தொட்டு வேலைசெய்யும் துணைவில் ஏற்றது. பல வண்டிகளில் தயாரிப்பாளரே இதைப் பொருத்தியிருப்பார்.

வி-கிராஸ் போன்ற வண்டிகளில் ஓல்டு மேன் ஈமு முதலிய ஆஸ்திரேலிய விற்களையும் அதிர்வேற்பிகளையும் பொருத்தி உயர்த்துவோர் உள்ளனர். இத்தகைய விற்கள் வண்டியில் எப்போதும் இருக்கும் எடைக்கேற்பப் பல விறைப்புகளில் விற்கப்படுகின்றன. வெறும் வண்டிக்குப் பெரும்பாரத்திற்கான வில்லைத் தேர்ந்தால் முன்னிருந்ததைவிட மோசமான ஓட்டமே கிட்டும். உயர்த்தியபின் சக்கரக் கோணங்களைச் சீரமைத்தல், பிரேக் குழாய்களின் நீளத்தைப் பார்த்தல், முகப்பு விளக்குகளைத் தாழ்த்துதல் ஆகியன தேவை. ஈர்ப்பு மையம் உயர்வதால் வளைவுகளில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. அதிகப் பாரத்திற்கு 194 ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒன்றிற்கு 2,000 ரூபாயும் தண்டம். மிகுதிப் பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சாரும். தேய்ந்த உறுப்புக்குப் பதில் அதே அளவுள்ள உறுப்பைப் போடுவது இவற்றில் அடங்காது. எத்தனை பட்டைகள் சேர்த்தாலும் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடை அளவு மாறுவதில்லை. சரக்கு வண்டிகள் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். டிஎன் 11 என்ற எண்வரிசையில் பதியப்பட்ட வண்டிகளுக்குத் தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே பதிவு அலுவலகமாகும்.