நடக்காத ஊர்வலம்

அமெரிக்க ரயில்களில் புல்மேன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலம். மூட்டை தூக்கி, படுக்கை விரித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பின போர்ட்டர்களைப் பயணிகள் பலர் 'ஜார்ஜ்' என்றுதான் கூப்பிட்டார்கள். அது முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயர். தலை நரைத்தவருக்கும் அதே பெயர்தான். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1925-ல் அந்த 'ஜார்ஜ்'களைச் சங்கமாகத் திரட்டியவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 12 வருடம் ஆயிற்று. காத்திருக்கவும் பிடிவாதம் பிடிக்கவும் அந்த 12 வருடம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

1941-ல் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்காவின் விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் ஆள் எடுப்பு மும்முரம். கறுப்பினத்தவர் வேலை கேட்டுப் போனால் மட்டும் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பல இடங்களில் அதுவும் இல்லை. இதை எதிர்த்து ஜூலை 1-ல் வாஷிங்டனில் ஊர்வலம் என்று அறிவித்தார் ராண்டால்ஃப். முதலில் 10,000 பேர் என்றவர், பிறகு 1 லட்சம் என்றார். ஜூன் 18-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஊர்வலத்தைக் கைவிடச் சொன்னார். வேலையில் பாகுபாட்டைத் தடை செய்யும் உத்தரவு கைக்கு வராமல் முடியாது என்று ராண்டால்ஃப் உறுதியாக நின்றார்.

ஒரே வாரத்தில், ஜூன் 25-ல், 8802-ஆம் எண் ஆணை வந்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளிலும் அரசு வேலைகளிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது. புகார்களை விசாரிக்க ஒரு குழு. ஊர்வலம் நிறுத்தப்பட்டது. ராணுவத்தில் இருந்த பாகுபாட்டை ஆணை தொடவே இல்லை. ஊர்வலத்தை நிறுத்தியதற்காக ராண்டால்ஃப் மீது பாய்ந்த இளைஞர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் வேலைவாசலில் நின்றவன் கையில் முதன்முறையாக ஒரு காகிதமாவது இருந்தது.

அந்தக் காகிதத்தின் பலம் என்ன என்பது பிலடெல்பியாவில் தெரிந்தது. அங்கே டிராம் கம்பெனியில் கறுப்பினத்தவருக்குத் தண்டவாள வேலை, துப்புரவு வேலை மட்டும்தான். குழு தலையிட்டது, 8 பேருக்கு டிராம் ஓட்டப் பயிற்சி தொடங்கியது. 1944 ஆகஸ்ட் 1-ல் வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 8 பேர் ஓட்டக்கூடாது என்பதற்காக ஒரு மாநகரமே நின்றது! போர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் போய்ச்சேர முடியவில்லை. ரூஸ்வெல்ட் ராணுவத்தை அனுப்பினார். சுமார் 5,000 சிப்பாய்கள். வேலைக்குத் திரும்பாதவர்கள் போர்முனைக்குப் போக நேரிடும் என்றதும் போராட்டம் பிசுபிசுத்தது. ஆயுதம் ஏந்திய சிப்பாய்கள் காவலிருக்க டிராம்கள் மறுபடி ஓடின. அந்த 8 பேரும் பயிற்சிக்குத் திரும்பினார்கள்.