நன்கௌரியின் ராணி

‘நன்கௌரித் தீவின் ராணி’ என்று கேட்டவுடன் நம் மனக்கண்முன் அரியணையும் அரண்மனையும் தோன்றுகின்றன. ஆனால், நிகோபார்த் தீவுகளில் அவை இருந்ததில்லை. தென்னந்தோப்பும் பன்றி மந்தையுமே அங்குச் செல்வம். அங்ஙனமாயின் இப்பட்டம் எவ்வாறு வந்தது?

பெண்பாற் பட்டங்கள் பிறக்கும் வழிகளைச் சற்று ஆராய்வோம். ஆண்பாற் சொல்லின் இறுதி திரிந்து பிறப்பன ஒருவகை: அரசன் அரசியாகிறான்; பிரான் பிராட்டியாகிறான். வடமொழி ‘ராஜ்ஞீ’ பிராகிருதத்தில் மருவி ‘ராணி’ ஆனதும் இவ்வகையே. பெண் அல்லது மனைவி என்னும் பொருளிலிருந்து எழுவன மற்றொருவகை. புறநானூற்றுப் புலவரும் பூதப்பாண்டியன் தேவியுமான ‘பெருங்கோப்பெண்டு’ இதற்குச் சான்று. ஆங்கிலத்துக் ‘குயின்’ என்பதும் பழங்காலத்தில் பெண், மனைவி என்றே பொருள்பட்டது. தெய்வப் பெயரால் உயர்த்துவது மூன்றாம் வகை. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘மாதேவி’ அத்தகையது.

முதலிரு வகையிலும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் ஓர் அரசனைச் சார்ந்தே நிற்பதைக் காண்க. ஆயினும் பட்டம் பெற மனைவியாக வேண்டும் என்பதில்லை. முதலாம் இராசராசனின் தமக்கையாரான குந்தவையைக் கல்வெட்டுகள் ‘பிராட்டியார்’ என்றே போற்றுகின்றன.

இனி நிகோபாருக்கு வருவோம். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ எனக் குறிக்கும் தீவுக்கூட்டம் இதுவே. இங்கு ஊர்த்தலைவரைக் ‘கேப்டன்’ என்பர். கப்பலோடு வந்த சொல் அது. தலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ‘தலைவன்’ என்பதற்கும் தலையே வேர் அன்றோ! 1869-இல் ஆங்கிலேயர் இத்தீவுகளைக் கைக்கொண்டனர். அவர் காலத்தில் வழங்கலான ‘ராணி’ என்பதும் வெளியிலிருந்து வந்ததே. ராணி இஸ்லோன், ராணி லச்மி ஆகியோரை நன்கௌரி மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

அரசனே இல்லாத மண்ணில் ‘அரசன் மனைவி’ என்ற பொருளுக்கு இடமேது? சொல் இரவலானது, மதிப்போ இரவலன்று. ஊரார் பேச்சைக் கேட்டு, வந்த அதிகாரியிடம் ஊருக்காகப் பேசும் பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிடைத்த சொல்லை அவள்மேல் சூட்டினர். ஆகவே, நண்பர்களே, அகராதியில் ‘ராணி - அரசி’ என்று கண்டவுடன் ஏட்டை மூடிவிடாதீர்கள். சொல்லின் பிறப்பை அகராதி காட்டும். அதன் வாழ்வை மக்களிடமே கற்க வேண்டும்.