கண்ணிமைக்கு மட்டும் 70 மடங்கு சலுகையா?

பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025-க்குள் ஒழிக்க வேண்டும் என்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. கெடு நெருங்கியதிலிருந்து வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பட்டாசுத் தொழில் நடக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: வெளியே பூசுவது உள்ளே எப்படிப் போகும்?

போகும். இடத்துக்கு இடம் அளவுதான் மாறும். 1967-இல் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கக் குறியிட்ட ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடலின் பல பாகங்களில் தடவி, சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். முன்கை ஈர்த்ததை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, நெற்றி 6, தாடையோரம் 13, விதைப்பை 42. பாதரசத்துக்கு இதே எண்கள் பொருந்தாது. ஆனால் கையில் தடவிப் பார்த்து 'ஒன்றும் செய்யவில்லை' என்று முகத்துக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று புரியும். வியர்வையில் ஊறிய தோல் இன்னும் கூடுதலாக இழுக்கும். மின்விசிறிக்கு இடமில்லாத பட்டாசு அறைகளில் நாள் முழுக்க வியர்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவின் 2020 அழகுப் பொருள் விதிகள் 'தற்செயலான' பாதரசத்தை 10 லட்சத்தில் 1 பங்கு வரை பொறுத்துக்கொள்கின்றன. சேர்த்தார்களா, தானாகக் கலந்ததா என்பதை ஆய்வகம் சொல்லாது. அளவை மட்டுமே சொல்லும். கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றுக்கோ 70 பங்கு வரை அனுமதி. பாதரசம் கிருமி சேராமல் காக்கும் என்பது காரணம். உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது. அங்கேதான் இந்தத் தாராளம்.

பாதரசம் அதிகம் சேர்க்கப்படுவது சிவப்பழகு கிரீமில்; அது உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சார்ந்த பாதிப்பு. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

மற்ற கேள்விகள்:

பட்டாசு வேலையில் கையில் ஒட்டும் அலுமினியப் பொடி? தோல்வழி உள்ளே போவது மிகச் சொற்பம். மூச்சில் போவதுதான் கவலை.

டப்பாவில் எதைப் பார்ப்பது? 'கேலோமெல்', 'மெர்க்குரி' என்ற பெயர்களை. தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது என்ற எச்சரிக்கையையும்.

கிரீமை நிறுத்தினால் போதுமா? பல மாதம் பூசியவர் சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

மிச்சக் கிரீமைக் குப்பையோடு கொளுத்தலாமா? கூடாது, பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும்.