துள்ளும் மீனே நல்ல மீனா?

ஞாயிற்றுக்கிழமை காலை உயிர் மீன் கடையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. நீலத் தொட்டிகளில் ஏரேட்டர் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே கட்லா, ரோகு, ஜிலேபி, தனித் தொட்டியில் விரால். நாம் கைகாட்டிய மீனை வலையில் அள்ளித் தராசில் போடுவார் கடைக்காரர். மீன் துள்ளும், தட்டு ஆடி அடங்கும்வரை எடை தெரியாது. அந்தத் துள்ளலுக்குத்தான் ஐஸ் மீனைவிடக் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம். பிறகு அது வெட்டுக் கட்டைக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும். முன்னால் நாலு பேர் நின்றால் நம் மீனும் வரிசையில் காத்திருக்கும், வாயைத் திறந்து மூடியபடி.

விராலுக்கு மட்டும் வேறு மரியாதை. தொட்டியை விட்டு வெளியே வந்ததும் மண்டையில் கட்டையால் ஒரு போடு. இரக்கத்தால் அல்ல. விராலுக்குத் தலைக்குள் காற்றை வாங்கிச் சுவாசிக்க ஓர் அறை உண்டு. தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வழுக்கும், நழுவும், கடிக்கவும் செய்யும். அடிக்காமல் வெட்டினால் வெட்டுகிறவர் விரலுக்குத்தான் ஆபத்து. ஆனாலும் அந்தக் கடையில் இருக்கிற மீன்களிலேயே நல்ல சாவு விராலுக்குத்தான். அடி சரியாக விழுந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

கட்லாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செவுள் என்பது மெல்லிய இதழ்களின் அடுக்கு. தண்ணீரில் இதழ்கள் விரிந்து நிற்கும். காற்றுக்கு வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் எடுக்க வழியில்லை. நாம் ‘ஃபிரெஷ்’ என்று ரசித்துப் பார்ப்பது மூச்சுத் திணறலை.

ஐஸில் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1991-இல் பிரிட்டனில் ட்ரவுட் மீன்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 20 டிகிரி வெப்பத்தில், தண்ணீருக்கு வெளியே எடுத்த ட்ரவுட்டின் மூளை செயலிழக்க 2.6 நிமிடம் ஆனது. 2 டிகிரியில் 9.6 நிமிடம். மீன் குளிர் ரத்தப் பிராணி. உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை குறையும், உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும். ட்ரவுட் குளிர்நாட்டு மீன், நம் கெண்டை இனங்களுக்கு நிமிடக் கணக்கு மாறும். ஆனால் ஐஸை மயக்க மருந்தாக நினைத்து நிம்மதி அடைய இடமில்லை.

கடலில் நிலைமை இன்னும் மோசம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் களவா, சங்கரா போன்ற மீன்களுக்கு உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப் பெருக்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். மடி வலையில் அடியில் சிக்கியவை மேலே உள்ளவற்றின் பாரத்தில் நசுங்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் வடகடல் படகுகளில் ஹெர்ரிங், காட் போன்ற மீன்களைக் கவனித்தார்கள். தளத்தில் அப்படியே விடப்பட்டவை உணர்விழக்க 55 முதல் 250 நிமிடம். குடல் எடுக்கப்பட்டவைகூட 25 முதல் 65 நிமிடம் உணர்வோடு இருந்தன.

மீனுக்கு வலிக்குமா என்ற பழைய கேள்வி இங்கே குறுக்கே வரும். 2003-இல் எடின்பரோ அருகே ராஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரைத்வெயிட், மைக்கேல் ஜென்டில் மூவரும் ட்ரவுட்டின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரையை ஒதுக்கின, செவுளை வேகவேகமாக அடித்தன, தொட்டியின் அடியில் படுத்து இப்படியும் அப்படியும் ஆடின. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இவை குறைந்தன. ஜேம்ஸ் ரோஸ், பிரையன் கீ போன்ற ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. மனிதருக்கு உள்ளது போன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லை, ஆகவே அதை வலி என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாதம். பறவைக்கும் அந்தப் புறணி இல்லை. கோழிக்கு வலிக்காது என்று யாரும் வாதாடி நான் கேட்டதில்லை.

இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்காத ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் அகாஷி, ‘தாய்’ எனப்படும் சிவப்புக் கடல் பிரீம் மீனுக்குப் பேர்போன இடம். அங்கே ‘இகெஜிமே’ என்ற முறை. கூர்முனைக் கருவியால் மூளையில் ஒரே குத்து; செவுளோரமும் வாலோரமும் அறுத்து ரத்தத்தை வடியவிடுவது; முதுகெலும்புக் குழலில் மெல்லிய கம்பியைச் செலுத்தித் தண்டுவடத்தை அழிப்பது; அதன்பிறகே ஐஸ் தண்ணீர். ஜீவகாருண்யத்துக்காகத் தொடங்கிய முறையாகத் தெரியவில்லை, ருசிக்காகத்தான். துடித்துச் சாகும் மீன் தசையில் உள்ள சக்தியைச் செலவழித்துவிடும், லாக்டிக் அமிலம் ஏறும், விறைப்பு சீக்கிரம் வரும், சதை குழைந்துபோகும். சேமிப்பில் இருந்த அந்தச் சக்திப் பொருள்தான் மெல்லச் சிதைந்து மீனுக்குச் சுவை தருகிறது. தூண்டிலில் நெடுநேரம் போராடிய சூரையின் உடற்சூடு ஏறி, சதை வெளுத்துக் கூழாகிவிடும். அதைப் பச்சையாகச் சாப்பிடுகிற சந்தையில் விலை சரியும். ஆக, துள்ளலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிற நாம் ருசியைக் குறைத்துக்கொள்ளத்தான் பணம் கட்டுகிறோம். புளிக்குழம்பில் இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா என்று கேட்டால், மசாலா பல குற்றங்களை மறைக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். வறுவலில் மறைக்காது.

நம் சட்டம் மீனை மறந்துவிடவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் தவிர்த்த எந்த உயிரினமும் ‘விலங்கு’ என்கிறது. உணவுக்காகக் கொல்வது குற்றமில்லை, ஆனால் தேவையற்ற வலி கூடாது என்றும் சொல்கிறது. 2001-இல் வந்த அறுவைக்கூட விதிகள் ஆடு மாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மீன் சந்தைக்குள் அந்த விதிகளோடு யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை.

நுழைந்தாலும் விசைப்படகில் என்ன செய்ய முடியும்? டன் கணக்கில் கொட்டும் காரப்பொடியையும் மத்தியையும் ஒவ்வொன்றாக மண்டையில் தட்டச் சொல்வது கேலிக்கூத்து. உலகம் முழுக்க ஆண்டுக்கு 1.1 லட்சம் கோடி முதல் 2.2 லட்சம் கோடி மீன்கள் கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்படுவதாக ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடுதான், மீனை அரசுகள் எண்ணுவதில்லை, நிறுக்கின்றன. வலையை எவ்வளவு நேரம் இழுப்பது, எவ்வளவு மெதுவாகத் தூக்குவது என்பதில் வேண்டுமானால் ஏதாவது செய்யலாம்.

பண்ணை மீனுக்கும் கடைத் தொட்டி மீனுக்கும் அந்தச் சாக்கு இல்லை. நார்வேயில் சால்மனை மின்சாரத்தாலோ இயந்திர அடியாலோ நினைவிழக்கச் செய்த பிறகே ரத்தம் வடிக்கிறார்கள். நம் கடையில் மின்சார எந்திரம் எதுவும் வேண்டாம். விராலுக்கான கட்டை அங்கேயே கிடக்கிறது. “இதையும் தட்டிட்டு வெட்டுங்கண்ணே” என்றால் தட்டித் தருவார், வெட்டுக்கூலியும் ஏறாது. பின்னால் நிற்பவர் வேண்டுமானால், “உசிரோட வெட்டினாத்தான் சார் டேஸ்ட்டு” என்பார்.

அடி விழ வேண்டிய இடம் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல்பக்கம். மூளை அங்கேதான் இருக்கிறது. சரியாக விழுந்தால் செவுள் மூடி அசைவது நின்றுவிடும்; உடலைப் பக்கவாட்டில் புரட்டும்போது கண் குழிக்குள் திரும்பாது, நிலைகுத்தி நிற்கும். செவுள் இன்னும் அடித்தால் தாமதிக்காமல் இன்னொரு அடி. பிறகு செவுளை அறுத்து ரத்தம் வடிந்ததும் செதில் எடுக்கலாம்.