ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டும் ஒரு மருந்துதான்!

"நான் நல்லாத்தான் இருக்கேம்மா!"

ஹாஸ்டலிலிருந்து போனில் வரும் இந்த வாக்கியத்தை எந்த அம்மாவும் முழுசாக நம்புவதில்லை. குரல் கொஞ்சம் கம்மியிருந்தால், "சாப்பிட்டியா?" என்று இரண்டாவது தடவையும் கேட்பாள். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால், அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் போச்சு!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இன்றைக்கு ஏராளம். 1985-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி பென்னலூரில் இருக்கிறது. 1993-ல் உருவான ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் ஸ்ரீபெரும்புதூரில்தான். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கல்லூரி வாசலில் இறங்கும் பெண்ணுக்கும், கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒரே வயசுதான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இரண்டு பேருமே வீட்டைவிட்டு வந்து, ஊர் பேர் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தங்குகிறார்கள். ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறார்கள்.

அதனால் இந்தப் பகுதியில் ஒரு விடுதியில் நடந்த சம்பவம், எல்லா விடுதிகளுக்குமே பாடம்.

தகவல் வரவில்லை... வதந்தி வந்தது!

2021 டிசம்பர் மாதம். சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு. 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரவேண்டியதாயிற்று. அவர்களில் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உடன் வேலை பார்த்த பெண்களுக்குத் தெளிவான தகவல் இல்லை. பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது, ஏனென்று சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் புகுந்தது. 'சில பேர் செத்துட்டாங்களாம்' என்று வதந்தி பரவியது. அது உண்மையில்லை. ஆனால், பயந்துபோன பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பிரம்மாண்டமான விடுதியைத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. கட்டடம் நல்ல விஷயம். ஆனால், அறைத்தோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் உண்மையை யார், எப்போது, எங்கே சொல்வது? எந்தக் கல்லூரி ஹாஸ்டலும் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

சோறு ஏன் விஷமாகிறது?

"சூடு பண்ணிச் சாப்பிட்டா எந்தக் கிருமியும் செத்துடும்" என்பது நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை. முழு உண்மையில்லை!

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. இதன் வித்துகள் அரிசி கொதிக்கும்போதுகூட தாக்குப்பிடிக்கும். வடித்த சோற்றை வெளியே அப்படியே மணிக்கணக்கில் வைத்தால், வித்துகள் உயிர் பெற்றுப் பெருகி, ஒரு நச்சுப் பொருளை உண்டாக்கும். அந்த நச்சை மறுபடி சூடு பண்ணி அழிக்க முடியாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பிக்கும்.

வீட்டில் நாலு பேருக்கு ஒரு பாத்திரம் என்பதால் சோறு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஹாஸ்டலில் மதியம் வடித்தது ராத்திரி லெமன் சாதமாக வேஷம் மாறி வரலாம். அதனால் சமைத்த உணவு ஒன்று நன்றாகச் சூடாக (60 டிகிரி செல்சியஸுக்கு மேல்) இருக்க வேண்டும். இல்லையா, ஃப்ரிட்ஜில் (5 டிகிரிக்குக் கீழே) இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் ஆபத்து.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் வேலை, உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதன்மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி, சிறுநீர் வராமை, அசதியில் கண் சொருகுவது... இதில் ஒன்று இருந்தாலும் வார்டனை எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெயர் வேண்டாம், நோயைப் போடுங்கள்

பல விடுதிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பையனுக்கு அம்மை போட்டால், சத்தமில்லாமல் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அறைத்தோழனுக்கே விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். 'வெளியே தெரிஞ்சா அட்மிஷன் பாதிக்கும்' என்ற பயம்!

இதில் இரண்டு தப்பு. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஆக, பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் ஆபத்து. ஏற்கெனவே அறையில் இருந்தவர்களுக்கும் ஆபத்து. மெஸ்ஸில் பரிமாறும் பெண் கர்ப்பிணியாக இருந்தால், அவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வது ரொம்ப முக்கியம்.

அதேபோல மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக உள்ளே போய், 15 நாளிலிருந்து 50 நாளுக்குள் நோயாக வெளிப்படும். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்த பிறகு கண் மஞ்சளாகும். வீட்டில் 'நேத்து சாப்பிட்ட பரோட்டா'வைத் திட்டிக்கொண்டிருப்போம். காரணம் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம்! எனவே, ஊரில் நோய் வந்தாலும் ஹாஸ்டலுக்கு ஒரு போன் போட்டுச் சொல்வது பெற்றோரின் கடமை.

போர்டில் யாருடைய பெயரையும் எழுத வேண்டியதில்லை. 'நம் விடுதியில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பசியின்மை, வாந்தி, மஞ்சள் சிறுநீர் இருந்தால் மருத்துவ அறைக்கு வாருங்கள்' என்று நாலு வரி போதும். மானமும் போகாது, நோயும் பரவாது.

மனசுக்கும் ஒரு இடம்

போர்டில் கலைவிழா, கபடிப் போட்டி, பரீட்சை அட்டவணை எல்லாம் இருக்கும். 'மனசு சரியில்லையா, இங்கே வாங்க' என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. முதல் செமஸ்டரில் நாலு அரியர் விழுந்த பையன், வீட்டுக்குச் சொல்ல முடியாமல் தவிப்பான். அவனும் போனில் சொல்வது அதே வாக்கியம்தான்: "நல்லாத்தான் இருக்கேம்மா!"

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்கென நெறிமுறைகள் தந்தது. நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும்; உதவி எண்களை விடுதி, வகுப்பறை, பொது இடங்களில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநலச் சேவைக்கு 24 மணி நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. உடல்நல ஆலோசனைக்கு 104. ஆம்புலன்ஸுக்கு 108. உணவில் குறை என்றால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

சேர்க்கப் போகும் நாளில்...

வைஃபை உண்டா, ஏ.சி. உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள்!

* மெஸ்ஸை எட்டிப் பாருங்கள். மிச்சமான சோறு என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

* தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? தேதி எழுதியிருக்கிறதா?

* ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலி என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்? வண்டி உண்டா?

* ஆலோசகர் எந்த நாள், எந்த நேரம், எந்த அறையில் இருப்பார்?

* பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, மருந்து அலர்ஜி இருந்தால் மறைக்காமல் வார்டனிடம் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, நோட்டீஸ் போர்டு முன்னால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அதில் இந்த வாரத் தேதி போட்ட தாள் இருக்கிறதா, உதவி எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே பெரிதாக எழுதி, வார்டனிடம் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். அங்கே தங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.